யூரியாவா, சணப்பா, பாக்டீரியாவா? பர்மா மக்காச்சோளத்துக்கு ஓர் ஏக்கர் கணக்கு

கையில் இருக்கிற பணத்துக்கு இரண்டு மூட்டை யூரியா வாங்குவதா, ஒரு மூட்டையை நிறுத்திவிட்டுச் சணப்பு என்கிற பசுந்தாள் பயிரின் விதை வாங்குவதா, கடையில் கொடுக்கிற பாக்டீரியா பாக்கெட்டை நம்புவதா? பெகு, தட்டோன் பக்கம் மேட்டு நிலத்தில் மக்காச்சோளம் போடுகிறவர்களுக்கு ஒவ்வொரு பருவமும் இந்தக் கேள்வி வருகிறது. மூன்றும் தழைச்சத்தைத்தான் (நைட்ரஜனை) தருவதாகச் சொல்கின்றன. ஆனால் மூன்றின் எடையும் ஒன்றாக இல்லை.

எங்கள் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். வாங்கிய யூரியா வீணாகாமல் பார்ப்பதுதான் முதல் வேலை. அதற்குப் பணம் தேவையில்லை, ஆள் வேலைதான் தேவை. இடைவெளிக் காலம் கிடைக்கிற நிலத்தில் சணப்பு ஒரு மூட்டை யூரியாவை மிச்சப்படுத்தும். பாக்டீரியா பயறு விதையில் நல்ல முதலீடு. மக்காச்சோள விதையில் சிறிய பந்தயம். ஏன் என்று விவரமாகப் பார்ப்போம்.

செடிக்கு எவ்வளவு வேண்டும்

இந்த நாட்டில் மக்காச்சோள விளைச்சல் சராசரியாக ஏக்கருக்கு ஒன்றரை டன் அளவில் நிற்கிறது. இரண்டு டன் இலக்கு வைப்போம். அது ஏறக்குறைய 1,225 வீசை. பர்மா வீசை 1.63 கிலோ, நம் பாட்டன்மார் ஊரில் புழங்கிய 1.4 கிலோ வீசையை நினைத்துக் கணக்குப் போட்டால் எல்லாம் தவறிப்போகும்.

நூறு கிலோ தானியம் விளையச் செடி மொத்தமாக 2 கிலோவுக்குச் சற்று மேல் தழைச்சத்து எடுக்கும். இரண்டு டன்னுக்கு 44 கிலோ என்று வைத்துக்கொள்ளலாம். சுமாரான மண் தன் மக்கிலிருந்தே 20 கிலோ கொடுக்கும். மீதி 24 கிலோ நாம் கொடுக்க வேண்டியது. இடுகிற உரத்தில் பாதிகூடச் செடிக்குள் போவதில்லை. நன்றாக இட்டால் 45 சதவீதம் சேரும். அப்படியானால் 53 கிலோ தழைச்சத்து இட வேண்டும். தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் 15 சதவீதம் உள்ள பதினைந்து-பதினைந்து-பதினைந்து காம்பவுண்ட் 50 கிலோ மூட்டை ஒன்று, யூரியா 50 கிலோ மூட்டை இரண்டு: 7.5 கிலோவும் 46 கிலோவும் சேர்ந்து சரியாக அந்த அளவு வந்துவிடும்.

கால்பங்குதான் செடிக்குச் சேர்கிறது என்றால் இதே விளைச்சலுக்கு நான்கு மூட்டை யூரியா கேட்கும். பல வயல்களில் நடப்பது இதுதான். மூட்டை போதவில்லை என்று தோன்றுகிற இடத்தில், வாங்கிய மூட்டை எங்கே போனது என்றுதான் முதலில் பார்க்க வேண்டும்.

யூரியா போகிற வழிகள்

முதல் வழி காற்று. மேலே தூவிய யூரியாவை மண்ணிலும் சருகிலும் இருக்கிற யூரியேஸ் என்ற நொதி இரண்டு மூன்று நாளில் அம்மோனியாவாக உடைக்கும். ஈரமான மேல்மண், நல்ல வெயில், மழை இல்லை என்ற நிலையில் மூன்றில் ஒரு பங்குவரை பறந்துவிடும். சருகு மூடாக்கு உள்ள நிலத்தில் இழப்பு இன்னும் கூடும், ஏனென்றால் சருகில் அந்த நொதி மண்ணைவிட அதிகம். சணப்பு போன்ற மூடுபயிரை வெட்டி மேலே பரப்பிவிட்டு அதன்மீதே யூரியாவைத் தூவுவதைப் போல நஷ்டமான வேலை இல்லை. இரண்டையும் சேர்த்துச் செய்கிறவர்கள் இதைக் கட்டாயம் மனதில் வைக்க வேண்டும்.

இரண்டாவது வழி தண்ணீர். பெகு வட்டாரத்தில் ஆண்டு மழை 3,000 மில்லிமீட்டருக்கு மேல். யூரியா நைட்ரேட்டாக மாறிய பிறகு மணற்பாங்கான நிலத்தில் மழையோடு வேருக்குக் கீழே இறங்கிவிடும். களிமண்ணில் தண்ணீர் தேங்கினால் காற்றில்லாத மண்ணில் நுண்ணுயிர்கள் அதே நைட்ரேட்டை வாயுவாக்கி வெளியே விடும். தேங்கல் பயிரையும் நேராகவே அடிக்கும். ஆறு இலை விரியும்வரை மக்காச்சோளத்தின் குருத்து மண்ணுக்குள்தான் இருக்கிறது; அந்த வயதில் மூன்று நாள் தண்ணீர் நின்றாலே செடி செத்துப்போகும். நெல் அறுத்த லெ நிலத்தில் சேற்றுழவுக்குக் கீழே உள்ள மண் இறுகியிருக்கும், ஆகவே அங்கே பார் கட்டாமல் மக்காச்சோளம் போடவே கூடாது.

சரியான முறை இது. வரிசைக்கு வரிசை 75 சென்டிமீட்டர், செடிக்குச் செடி 25 சென்டிமீட்டர் வைத்தால் ஏக்கருக்கு 21,500 செடி. காம்பவுண்ட் மூட்டையை விதைக்கும்போதே, விதையிலிருந்து 5 சென்டிமீட்டர் பக்கத்திலும் 5 சென்டிமீட்டர் ஆழத்திலும் கோடாக இடுங்கள். விதையோடு ஒட்டி யூரியா விழுந்தால் அம்மோனியா முளையைச் சுட்டுவிடும். வரிசையில் துண்டு துண்டாக முளை விழாமல் இருப்பதற்கு இது அடிக்கடி காரணம். முதல் மூட்டை யூரியா முழங்கால் உயரத்தில், 25 முதல் 28 நாளுக்குள். இரண்டாவது மூட்டை 42 முதல் 45 நாளுக்குள், ஆண்பூ வெளிவருவதற்கு முன்பு. எட்டு இலையிலிருந்து கதிரில் நூல் விடுகிறவரைதான் செடி பெரும்பங்குத் தழைச்சத்தை எடுக்கிறது. அதற்கு முன்பே எல்லாவற்றையும் கொட்டினால் மழைக்குத்தான் ஊட்டுகிறோம்.

ஒரு மூட்டையைச் செடிக்கணக்கில் பிரித்தால் செடிக்கு 2.3 கிராம். இரண்டு செடிக்கு ஒன்று என்று, நடுவே கூரான குச்சியால் 5 சென்டிமீட்டர் ஆழக் குழி, அதில் ஒரு டீஸ்பூன் சற்றே குவியலாக, காலால் மண்ணைத் தள்ளி மூடல். செடிக்குச் செடி குனிய முடியாதென்றால் வரிசை ஓரம் கீறித் தூவி, உடனே மண் அணைத்துவிடுங்கள். அன்றிரவே 10, 15 மில்லிமீட்டர் மழை நிச்சயம் என்று தெரிந்தால் மட்டும் மேலே தூவலாம்.

மூட்டையின் மதிப்பை உங்கள் ஊர் விலையிலேயே பார்க்க ஒரு வழி உண்டு. ஒரு மூட்டை யூரியாவின் விலையை ஒரு வீசை மக்காச்சோளத்தின் விலையால் வகுங்கள். மண்ணில் புதைத்து, தவணை பிரித்து இட்டால் ஒரு கிலோ தழைச்சத்துக்கு, குறைத்தே வைத்தாலும், 15 கிலோ தானியம் கூடும். மூட்டைக்கு 345 கிலோ, அதாவது 210 வீசை. தூவிவிட்டுப் போனால் 8 கிலோவுக்கு இறங்கும். மூட்டைக்கு 113 வீசை. வகுத்து வந்த எண் நூறை நெருங்கினால், தூவுகிறவருக்குக் கூலியும் மிஞ்சாது. குழியில் வைக்கிறவருக்கு அப்போதும் பாதி லாபம் நிற்கும். யூரியாவின் பெரும்பகுதி வெளிநாட்டிலிருந்து வருகிற நாட்டில், எல்லைப் பாதை சில வாரம் மூடினாலே இந்த எண் ஏறிவிடுகிறது. சணப்பைப் பற்றி யோசிக்க வைக்கிற காரணமும் அதுதான்.

சணப்பு: எந்த நிலத்தில், எந்த மாதத்தில்

மூடுபயிர் நல்லது என்று பொதுவாகச் சொல்வதில் பயனில்லை. நிலத்துக்கு இடைவெளிக் காலம் இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

தண்ணீர் வடிகிற யா என்கிற மேட்டு நிலம், பருவமழை முடிந்து ஐப்பசியில் மக்காச்சோளம், ஒன்றிரண்டு பாசனத்துக்கு வழி: இதுதான் சணப்புக்கு வாகான இடம். ஆகஸ்ட் முதல் வாரத்தில் சணப்பு விதைத்து, செப்டம்பர் கடைசியில் மடக்கி உழுது, அக்டோபர் நடுவில் மக்காச்சோளம் விதைக்கலாம். மே மாத முதல் மழைக்கே சணப்பு விதைத்து ஜூலையில் உழுகிறவர்கள் உண்டு. பயிர் அருமையாக வளரும். ஆனால் மடக்கிய பிறகு மூன்று மாதம் அடைமழை. மக்கி வெளியான தழைச்சத்து, அதை எடுக்க வேர் இல்லாமல் ஓடைக்குப் போய்விடும். மழை அடங்குகிற நேரத்தில் மடக்குவதுதான் முழு விஷயமும்.

ஏக்கருக்கு 20 கிலோ விதை, அதாவது 12 வீசை. ஓர் உழவு ஓட்டி, தூவி, பரம்படித்தால் போதும். இந்தப் பயிருக்கு யூரியா வேண்டாம்; மண்ணில் தழைச்சத்து மிகுந்தால் வேர் சரியாக முடிச்சு கட்டாது. டி-சூப்பர் என்கிற மணிச்சத்து உரம் 25 கிலோ இடுங்கள். முடிச்சு கட்ட மணிச்சத்து வேண்டும், செடி மக்கும்போது அதே மணிச்சத்து மக்காச்சோளத்துக்குத் திரும்பி வரும். சணப்புக்குத் தேங்கல் ஆகாது. வயலில் தாழ்ந்த மூலை இருந்தால் அங்கே தக்கைப்பூண்டு தூவுங்கள். அது தண்ணீரில் நிற்கும்.

முப்பதாம் நாள் பத்துச் செடியை மண்வெட்டியால் தோண்டி எடுத்துப் பாருங்கள். பிடுங்கினால் முடிச்சு மண்ணிலேயே தங்கிவிடும். முடிச்சைக் கீறினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். வெள்ளையாகவோ பச்சையாகவோ இருந்தால் அது காற்றிலிருந்து எதையும் பிடிக்கவில்லை; அந்த வயலில் சணப்பு மண்ணில் இருந்த சத்தையே எடுத்து மண்ணுக்கே கொடுக்கும்.

மொட்டு விடுகிற நேரத்தில், 45 முதல் 50 நாளுக்குள், மடக்க வேண்டும். சணப்பு கயிறு திரிக்கிற பயிர் என்பதை மறந்துவிடக் கூடாது. பூத்துக் காய் வைக்க ஆரம்பித்தால் தண்டு நாராகும். அந்த நாரை மக்கவைக்க நுண்ணுயிர்கள் மண்ணில் இருக்கிற தழைச்சத்தையே இழுத்துக்கொள்ளும். பிறகு விதைத்த மக்காச்சோளம் மூன்று வாரத்தில் வெளிர் மஞ்சளாக நிற்கும், பசுந்தாள் உரம் போட்டும் பயனில்லை என்று பழி வரும். இன்னொரு சங்கடம்: ஆள் உயரச் சணப்பில் நேரே பவர் டில்லரை இறக்கினால் தண்டு கத்தியில் சுற்றிக்கொள்ளும். அரிவாளால் சாண் நீளத் துண்டாக வெட்டிப் பரப்பிவிட்டு உழுங்கள்.

மடக்கிய பின் குறைந்தது 10 நாள், முடிந்தால் இரண்டு வாரம், விதைக்காமல் விடுங்கள். பச்சைத் தழை அழுகுகிற முதல் வாரத்தில் வேரழுகல் பூஞ்சை பெருகும்; முளை விடுகிற விதையும் அதில் சேர்ந்து அழுகும்.

எவ்வளவு கிடைத்தது என்று ஊகிக்க வேண்டியதில்லை, நிறுத்துப் பார்க்கலாம். உழுவதற்கு முதல் நாள் வயலில் ஐந்து இடத்தில் ஒரு சதுர மீட்டர் அளந்து, அடியோடு அறுத்து, பச்சையாகவே எடை போடுங்கள். சராசரி 3 கிலோ வந்தால் ஏக்கருக்கு 12 டன் பச்சைத் தழை, காய்ந்தால் 2.4 டன், அதில் தழைச்சத்து 55 கிலோ அளவு. அத்தனையும் இந்தப் பயிருக்கே வந்துவிடாது. மெதுவாக மக்குவதால் ஏறக்குறைய 25 கிலோ உர வேலையைத்தான் செய்யும். சதுர மீட்டருக்கு 3 கிலோ என்றால் ஒரு மூட்டை யூரியா, ஒன்றரைக் கிலோ என்றால் அரை மூட்டை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எந்த மூட்டையை நிறுத்துவது? முழங்கால் உயரத்து மூட்டையை. தழை மக்கிச் சத்து வெளியாவது சூடான ஈர மண்ணில் முதல் ஐந்தாறு வாரத்தில்தான் அதிகம்; அது முதல் தவணையின் இடத்தைப் பிடித்துவிடும். ஆண்பூவுக்கு முந்தைய மூட்டையை நிறுத்தினால் கதிர் நுனி மணி பிடிக்காமல் சூம்பும். அடியிலைகளில் நுனியிலிருந்து நடுநரம்பு வழியாக மஞ்சள் ஆப்பு வடிவில் இறங்கினால் தழைச்சத்து போதவில்லை என்று பொருள். அது 35 நாளுக்கு முன்பே தெரிந்தால் நிறுத்திய மூட்டையில் பாதியை உடனே குழியில் வையுங்கள்.

கைங் நிலத்தில், ஆற்று வெள்ளம் வடிந்து வண்டல் தெரிந்த உடனே விதைக்கிற இடத்தில், சணப்புக்கு நாளே கிடையாது. அங்கே யூரியாவைக் குழியில் வைப்பதுதான் வழி. மெய்த்திலா, மக்வே பக்கத்து வறண்ட நிலத்தில் வேறு சிக்கல்: மூடுபயிர் குடிக்கிற ஈரம் மக்காச்சோளத்துக்குப் போக வேண்டிய ஈரம். அங்கே நீங்கள் தழைச்சத்தைச் சேர்த்துவிட்டுத் தண்ணீரை இழக்கிறீர்கள்.

ஷான் மலைச்சரிவு தனிக் கதை. மே கடைசியில் சிபி 888 போன்ற ஹைபிரிட் விதைத்து அக்டோபரில் முறிக்கிற நிலத்தில், மக்காச்சோளத்துக்கு 30, 35 நாள் ஆனதும் வரிசைகளுக்கு நடுவே மொச்சை ஊன்றலாம். ஒரே நாளில் இரண்டையும் விதைத்தால் கொடி ஏறிச் செடியைச் சாய்த்துவிடும். மக்காச்சோளம் முறித்த பிறகு மொச்சை நிலத்தை மூடி நிற்கும், காய் விற்கவும் ஆகும். முதல் ஆண்டில் யூரியாவைக் குறைக்கிற அளவுக்கு இதிலிருந்து எதிர்பார்க்க வேண்டாம். மேல்மண் கரையாமல் நிற்பதுதான் அங்கே பெரிய வருமானம், அது இரண்டு மூன்று ஆண்டில் தெரியும். இதற்கு எதிரிகள் இரண்டு: அறுவடை முடிந்ததும் அவிழ்த்துவிடுகிற மாடு, கோடையில் வைக்கிற தீ. பக்கத்து நிலத்துக்காரரோடு பேசி முடிக்காமல் மொச்சை விதை வாங்காதீர்கள்.

உளுந்தாக விற்றால் என்ன?

நியாயமான கேள்வி. இந்தியாவுக்குக் கப்பல் ஏறுகிற மட்பே உளுந்துக்கு ரங்கூன் சந்தையில் உடனே பணம். காசு தருகிற பயறை விட்டுவிட்டு உழுது புதைக்கிற சணப்புக்கு ஏன் போக வேண்டும்?

உளுந்து போட்டால் உளுந்துக்காகப் போடுங்கள். உரமும் கிடைக்கும் என்று கணக்கில் சேர்க்காதீர்கள். ஏக்கருக்கு 400 கிலோ உளுந்து எடுத்தால் அந்த மணியிலேயே 15, 16 கிலோ தழைச்சத்து வயலை விட்டுப் போகிறது. செடியையும் பிடுங்கிக் களத்துக்குக் கொண்டுபோய் அடித்து, பொட்டை மாட்டுக்குப் போட்டால் நிலத்தில் மிஞ்சுவது உதிர்ந்த இலையும் வேரும்தான். எட்டு, பத்து கிலோ உரத்துக்கு மேல் அதற்கு மதிப்புப் போட முடியாது. நடுவழி ஒன்று உண்டு: பச்சைப்பயறோ தட்டைப்பயறோ போட்டு, ஒன்றிரண்டு பறி காய் எடுத்துவிட்டு, செடி பச்சையாக இருக்கும்போதே உழுதுவிடுவது. கைக்கும் காசு, மண்ணுக்கும் தழை. சணப்பில் கிடைப்பதில் பாதியாவது கிடைக்கும். ரொக்கம் இல்லாமல் திண்டாடுகிற குடும்பத்துக்கு இதையே நாங்கள் சொல்வோம்.

பாக்டீரியா பாக்கெட்

கடையில் ஒரே அலமாரியில் இருந்தாலும் இவை இரண்டு வேறு பொருள். ரைசோபியம் பயறு வகை வேரில் முடிச்சுக் கட்டிக் காற்றுத் தழைச்சத்தைப் பிடிக்கிறது. அசோஸ்பைரில்லம் மக்காச்சோள வேரைச் சுற்றி வாழ்கிறது, முடிச்சுக் கட்டுவதில்லை. ஈ.எம். என்கிற நுண்ணுயிர்க் கலவை இந்த இரண்டிலும் சேராது. அது மக்கவைக்க உதவும், தழைச்சத்துப் பொருள் என்று வாங்காதீர்கள்.

ரைசோபியத்தைத் தயங்காமல் சொல்லலாம். ஏசினில் இருக்கிற வேளாண் ஆராய்ச்சித் துறை பயறு வகைகளுக்கு இதைத் தயாரிக்கிறது. எந்தப் பயறுக்கு என்று பார்த்து வாங்குங்கள்: கொண்டைக்கடலைக்கான பாக்கெட் உளுந்திலோ சணப்பிலோ முடிச்சுக் கட்டாது. ஆறிய சோற்றுக் கஞ்சியில் கலந்து விதையில் பிசறி, நிழலில் அரை மணி நேரம் உலர்த்தி, அன்றே விதைக்க வேண்டும். முன்பு பயறே போடாத நிலத்தில் பலன் கண்ணுக்குத் தெரியும். ஆண்டுதோறும் உளுந்து விளைகிற நிலத்தில் பெரும்பாலும் பொருத்தமான கிருமி ஏற்கெனவே இருக்கும், பலன் குறைவு. மண் கடும் புளிப்பாக இருந்தால் எந்தப் பாக்கெட்டும் நிலைக்காது, முதலில் சுண்ணாம்பு.

அசோஸ்பைரில்லத்தைப் பொறுத்தவரை நிதானம் வேண்டும். பிரேசிலில் யோஹானா டோபரைனர் தொடங்கிவைத்த ஆராய்ச்சியிலிருந்து வளர்ந்த துறை இது. அந்த நாட்டில் ஏபி-வி5, ஏபி-வி6 என்ற இனங்களை மக்காச்சோளத்துக்குப் பெருமளவில் பயன்படுத்துகிறார்கள். யூரியாவில் கால்பங்கு குறைக்கலாம் என்பது அங்கே கண்ட முடிவு. ஆனால் இந்தக் கிருமி பிடிக்கிற தழைச்சத்து கொஞ்சம்தான். முக்கியமாக அது ஆக்சின் என்ற வளர்ச்சிப் பொருளைச் சுரந்து வேரைக் கிளைக்க வைக்கிறது; வேர் பெருகியதால் மண்ணில் இருக்கிற உரத்தைச் செடி கூடுதலாகப் பிடித்துக்கொள்கிறது. ஆகவே உரமே இடாத நிலத்தில் உரத்துக்குப் பதிலாக இதை இடுவது பொருந்தாது. பொதுவாக 5 முதல் 10 சதவீத விளைச்சல் உயர்வு எதிர்பார்க்கலாம். சில வயலில் ஒன்றுமே இராது.

தோற்பதற்குப் பெரிய காரணம் ஹைபிரிட் விதையின் சிவப்புப் பூச்சு. அது பூஞ்சைக்கொல்லி, சில விதைகளில் பூச்சிக்கொல்லியும் உண்டு. அந்த விதையில் பாக்டீரியாவைப் பிசறினால் விதைப்பதற்குள்ளேயே பெரும்பாலும் செத்துவிடும். பூச்சுள்ள விதையென்றால் 200 கிராம் பாக்கெட் நான்கை 10 கிலோ மக்கிய தொழு உரத்தில் கலந்து, ஈரமான சாலில் இட்டு மூடுங்கள். பூச்சில்லாத விதைக்கு ஏக்கருக்கான 7, 8 கிலோவுக்கு ஒரு பாக்கெட் போதும். இன்னொரு காரணம் வெப்பம்: சித்திரை வெயிலில் லாரியில் கிடந்த பாக்கெட்டில் உயிர் இருக்காது. இந்தியத் தரப்படி தூள் பாக்கெட்டில் கிராமுக்கு ஐந்து கோடி உயிரணு இருக்க வேண்டும். தயாரித்த தேதி, உயிரணு எண்ணிக்கை இரண்டும் அச்சிடாத பாக்கெட்டை வாங்காதீர்கள்.

உங்கள் வயலில் சோதிக்க

பாக்டீரியாவைச் சோதிக்கிறவர்கள் வழக்கமாக ஒரே தவறைச் செய்கிறார்கள்: முழு யூரியா ஒரு பக்கம், முக்கால் யூரியாவும் பாக்கெட்டும் மறு பக்கம். இரண்டும் சமமாக விளைந்தால் பாக்கெட் கால்பங்கு யூரியாவை மிச்சப்படுத்தியதாகச் சொல்லிவிடுகிறார்கள். அந்தக் கால்பங்கு ஏற்கெனவே வேண்டாததாக இருந்திருக்கலாமே. ஆகவே மூன்றாவது பட்டை ஒன்று கட்டாயம் வேண்டும்: முக்கால் யூரியா, பாக்கெட் இல்லாமல்.

ஒவ்வொரு பட்டையும் ஆறு வரிசை, வயலில் மூன்று இடத்தில் திரும்பத் திரும்ப. அறுவடையில் ஓர வரிசைகளை விட்டு நடு நான்கு வரிசையில் 10 மீட்டர் மட்டும் முறித்து, உதிர்த்து, மணியைக் கடித்தால் டக்கென்று உடைகிற அளவுக்குக் காயவைத்து எடை போடுங்கள். அது 30 சதுர மீட்டர். அதில் ஒரு கிலோ வித்தியாசம் ஏக்கருக்கு 83 வீசை. மூன்று இடத்திலும் இரண்டாவது பட்டை மூன்றாவதை முந்தினால் பாக்கெட் உங்கள் மண்ணில் வேலை செய்கிறது, அடுத்த பருவமும் வாங்குங்கள். மூன்றாவது பட்டையே முழு யூரியாவுக்குச் சமமாக நின்றால் பாக்கெட்டையும் விடலாம், கால்பங்கு யூரியாவையும் விடலாம்.